சிமிழ்

ஃபூர் தீவுக்குப் படகில் நான்கு நிமிடம்.
கார்க் கதவைத் திறந்து மூடுவதற்குள் அக்கரை.
வடக்கே செங்குத்தாக நிற்கிறது பாறை,
வெளிறிய மண்ணில் கறுப்புக் கோடுகள்.
கோடு ஒவ்வொன்றும் ஓர் எரிமலை உமிழ்ந்த சாம்பல்.
இடையில் இருப்பது மண்ணே இல்லை என்பாள் விபெக்கே.
ஐந்தரைக் கோடி ஆண்டுக்கு முன்
கடலில் மிதந்து, வெயிலைத் தின்று,
செத்தபின் அவசரமில்லாமல் அடியில் இறங்கிய
டயட்டம் பாசிகளின் கூடு.

கூடு என்பதைவிடச் சிமிழ்.
அடியும் மூடியும் ஒன்றுக்குள் ஒன்று செருகிய
கண்ணாடிச் சிமிழ்.
சுவரெல்லாம் துளை,
துளைக்குள் சல்லடை, சல்லடைக்குள்ளும் துளை.
நீரில் கரைந்த மணலைக் குடித்து
உலையும் ஊதுகுழலும் இல்லாமல்
ஒரே நாளில் கட்டி முடித்துவிடும்.

யெப்பே அதை இயந்திர வாளியில் அள்ளுகிறவன்.
நாளுக்கு அறுபது லாரி.
பாதி சூளைக்குப் போய்ச் செங்கல்லாகும்.
மீதி பூனைகளுக்கு.
நகரத்து அடுக்கு வீடுகளில்
பூனைகள் ஐந்தரைக் கோடி ஆண்டுகளின் மேல்
கூச்சமின்றி ஒன்றுக்குப் போகின்றன.

இதே சாதி மண்ணில்தான் ஒரு காலத்தில்
தொட்டால் வெடிக்கும் எண்ணெயை ஊறவைத்தார்கள்.
உள்ளே போனதும் அது அடங்கிக் கிடந்தது,
திரி வைக்கும்வரை.

அந்த அடக்கத்தை நம்பித்தான் வந்தாள் விபெக்கே.
அவளுடைய மருந்து நீரில் கரையாது.
கரைத்தால் வயிற்றிலேயே வீணாகும்,
போக வேண்டிய இடமோ குடலின் கடைசி முழம்.
அமிலத்தில் அலசினாள், சூட்டில் வாட்டினாள்,
இரும்பின் மஞ்சள் போகப் போகக் கழுவினாள்.
ஒரு வாளி மண்ணில் தேறியது நான்கு கிராம்.
மருந்தை ஏற்றி, உடம்புச் சூட்டு நீரில் விட்டாள்.
முதல் மணி நேரத்திலேயே
பள்ளிக்கூட மணி அடித்ததுபோல்
மொத்தமும் வெளியே.

நுண்ணோக்கியில் பார்த்தால்
நூற்றில் தொண்ணூறு உடைசல்.
எரிமலை உடைத்தது கொஞ்சம்,
மேலே ஊர்ந்த பனிப்பாறை கொஞ்சம்,
பாக்கி யெப்பேயின் வாளி.

படகில் அவளைப் பார்த்துக் கேட்டான்.
அவன் தங்கை கிர்ஸ்டீனேவுக்குக் குடலில் கட்டி.
"எத்தனை வருஷம் ஆகும்?"
"எலி, பிறகு பன்றி, பிறகு மனிதர்கள்...
பத்து என்று வையுங்கள்."
சும்மா இருந்திருக்கலாம்.
"அந்தப் பாறையோடு பார்த்தால்
பத்து ஒன்றுமே இல்லை" என்றும் சொன்னாள்.

யெப்பே பாறையைப் பார்த்தான்.
"பாறைக்குக் கட்டி இல்லை."

மீதி இரண்டு நிமிடம்
இன்ஜின் மட்டும் பேசியது.

திங்கட்கிழமை ஆய்வகத்து வாசலில் நின்றான்,
கம்பளித் தொப்பியைத் தலையில் போடாமல்
இரண்டு கையாலும் ஏந்தி.
உள்ளே ஒரு கட்டி மண்,
ரொட்டி அளவு.
வாளி படாத மூலையில்
சூப் கரண்டியால் சுரண்டி எடுத்தானாம்.
ஞாயிறு முழுக்க.
தலையை நீட்டிப் பார்த்த மேற்பார்வையாளனுக்குப்
பதில் சொல்லவில்லையாம்.

எண்ணினாள். நூற்றில் நாற்பது முழுசு.
மருந்து இந்த முறை
ஆறு மணி நேரம் உள்ளே இருந்தது,
ஏழாவதில் கதவருகே வந்து எட்டிப் பார்த்தது.
இதை அவனிடம் அவள் சொல்லவில்லை.
கண்ணாடிக் குடுவையில் நடந்தது
குடலில் நடக்கும் என்று யார் சொன்னது?
எண்ணை மட்டும் சொன்னாள்.

"நாற்பது நல்லதா?"
"போன வாரம் பத்து."

தலையை ஆட்டிக்கொண்டான்.
இன்னொரு கரண்டி வாங்க வேண்டும் என்றான்,
அது வளைந்துவிட்டது.
வெளியே போய்த் தொப்பியை
முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினான்.
காற்றில் வெள்ளையாய் எழுந்து
அவன் சட்டையிலும், அவள் ஜன்னலிலும் படிந்தன
ஆயிரமாயிரம் சிமிழ்கள்,
எல்லாம் காலி.