விதைச் சேறு

ஒரு லிட்டர் உருளையில் பழுப்பு நீரை முகந்து வைத்து
முப்பது நிமிடம் காத்திருப்பது என் வேலை.
மேலே தெளிவு, கீழே சேறு.
இருநூற்று எண்பதில் கோடு நின்றால்
உயிரோடிருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதுவேன்.
இந்த ஊரின் பெயரே ஊட்டி.
காந்தல் சரிவில் இராப்பகலாய் ஊட்டுகிறோம்,
சீசனில் இரண்டு பந்தி.

மே பதினாறு, இரவு. கோடு விழவேயில்லை.
உருளை முழுக்க ஒரே கலங்கல்.
எந்த விடுதியோ மூடியைத் திறந்து
ஆசிட் கொட்டியிருக்கிறது.
நுண்ணோக்கியின் கீழே
காம்பில் ஆடும் மணிகளைக் காணோம்,
காம்புகள் மட்டும் சுருண்டு கிடந்தன.

குன்னூரில் ஒரு தொட்டி நலமாயிருந்தது.
டேங்கர் கிடைக்கவில்லை. பால் கேன்கள் கிடைத்தன, பதினெட்டு.
"இது எந்த மூலைக்கு?" என்றேன்.
"இதுங்க இரட்டிக்கும்" என்றான் நஞ்சுண்டன்.
மூச்சுக்காக மூடிகளைத் தளர்த்தி
நாலு மணிக்குப் பிக்கப்பை ஏற்றத்தில் விட்டான்.
லவ்டேல் அருகே போலீஸ்காரர்
ஒரு கேனை முகர்ந்து பார்த்துவிட்டு
கேள்வியே இல்லாமல் போகச் சொன்னார்.

"நீ படிச்சது இந்தப் பூச்சிகளைத்தானா?"
இல்லை. யுரேனியத்தைப் பிடிக்கும் பாக்டீரியா.
அறுபத்திரண்டு பக்க ஆய்வேடு.
யுரேனியத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

"தின்னு தீர்த்துடுமா?"

தீராது. தண்ணீரில் கரைந்து ஓடுவதைக்
கரையாததாக மாற்றும், அவ்வளவுதான்.
நஞ்சு நஞ்சாகவே இருக்கும்,
ஊர்க் கிணற்றுக்குப் போகாமல் நின்ற இடத்தில் நிற்கும்.

கேத்தி வளைவில் கியரை இறக்கினான்.
வெகுநேரம் கழித்து,
"மாதி கழுத்துல நின்ன மாதிரி" என்றான்.

கோயம்புத்தூரில் ஓர் அறை, காரீயம் பதித்த கதவு.
உறிஞ்சுகுழலில் ஒரு வாய் அயோடின்,
கதிர் வீசுவது.
தைராய்டு அதை வாங்கி வைத்துக்கொண்டது,
எரிய வேண்டியது உள்ளேயே எரிய.
நாலு நாள் யாரும் நெருங்கக் கூடாது.

இவன் பெயரில் இருக்கிற கதை எல்லோருக்கும் தெரியும்.
அதில் கழுத்தைப் பிடிக்க ஒரு கை இருந்தது.
இங்கே கைக்கு அனுமதியில்லை.
தரையில் மஞ்சள் கோடு கிழித்திருந்தார்கள்;
கோட்டுக்கு இப்பால் நின்று
செல்போனில் பேசினானாம்,
பத்தடி தூரத்திலிருந்த மனைவியிடம்,
ஆட்டுக்குட்டி ரெண்டு போட்டிருக்கு என்று.

அவள் கழிப்பறைக் குழாய்
தனித்தொட்டிக்குப் போனது. இரும்பு மூடி, பூட்டு.
தொழில் பழக்கம், கேட்டிருக்கிறான்:
"எந்தப் பூச்சி விட்டிருக்கீங்க?"
அங்கிருந்த பையன் சிரித்தானாம்.
"பூச்சிக்கு இங்க வேலையில்லைண்ணா.
எட்டு நாளைக்குப் பாதி.
அந்தப் பாதியில எட்டு நாளைக்குப் பாதி.
மூடி வெச்சுட்டு உக்காந்திருக்கணும்."

பின்னால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.
பதினொரு வருஷம் சேற்றில் நின்றவன் சொன்னான்:
"நாறாத தொட்டியப் பாத்துத்தான் எனக்குப் பயமே வந்துச்சு."

விடிகையில் ஊற்றினோம்.
கடைசி கேனை அவன் கழுவவில்லை,
நீர் விட்டு அலசி அதையும் உள்ளேயே கவிழ்த்தான்,
பாயசப் பாத்திரத்தை வழிப்பதுபோல.

ஒன்பதாம் நாள் ஒரு மணி.
ஒன்றே ஒன்று, காம்பு நீட்டி,
வாயைச் சுற்றி மயிர் சுழல,
வந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது.
மாதி சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.
மஃப்ளரைத் தளர்த்திக் குனிந்து
கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்தாள்.
"இவ்ளோ சின்னதா?"
என்றாள். பிறகு,
"இதுக்கு வலிக்குமா?"

எனக்குத் தெரியவில்லை.
அறுபத்திரண்டு பக்கத்தில் அது இல்லை.

உருளையைப் பார்த்தேன். கோடு நூற்றுப் பத்தில்.
பாதிகூட இல்லை.
எழுதிக்கொண்டேன்.