ஆட்டம் நிற்கும்வரை

வழுக்கி விழுந்தது நடுராத்திரி ஒன்றரை மணிக்கு.
வீட்டுச் செருப்போடு நாலு மாடி இறங்கி
ஒரே ஒரு சிகரெட்டுக்காக
உறைந்த வாசற்படிக்கு வந்திருக்கிறார்
விகாண்டாஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு.
பனியில் கிடந்தும் சிகரெட் அணையவில்லையாம்,
ஆம்புலன்ஸில் வந்தவள் சொல்லிச் சிரித்தாள்.

கிளைபேடா அவசரப் பிரிவில்
எக்ஸ்ரே வந்துசேரும்வரை
வலிக்கு மட்டும்தான் வேலை.
அந்த இடைவெளியில்தான் என் சம்பளம்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் கைக்காக வந்தேன்.
நீ ஏன் நெஞ்சை விசாரிக்கிறாய்?"

நியாயம்தான்.
பேசாமல் கருவியை நீட்டினேன்.
முப்பது வருடம் ஊதித் தள்ளியவர்
முதல்முறையாக யாரோ கேட்டு ஊதினார்.
திரையில் இருபத்தெட்டு.
"பாஸா?"
"உங்கள் கிரேன் இவ்வளவு புகை விடுமா?" என்றேன்
பெரிய புத்திசாலி மாதிரி.
"அது கரண்டில் ஓடுவது."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.
நான் அசடு வழிந்ததில் அவருக்கு
என் மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும்.
தானாகவே சொன்னார்:
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
தீக்குச்சிக்குக்கூட அங்கே அனுமதியில்லை,
சில நாள் ஆறு மணி நேரம்.

"அங்கே வேண்டும்போல் இருந்தால்?"

வெகுநேரம் கூரையைப் பார்த்தார்.
"காற்றடித்தால் கொக்கியில் கன்டெய்னர் ஆடும்.
இழுத்துப் பிடித்தால் இன்னும் ஆடும்.
சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
நிற்கும்போது நிற்கும்."

என் கையேட்டில்
பன்னிரண்டு பக்கம் இதற்கு இருக்கிறது.
மூடி வைத்துவிட்டேன்.

மாவுக்கட்டு இறுகியதும்
இடது புஜத்தில் பட்டை ஒட்டினேன்,
பையில் மெல்லும் மாத்திரை வைத்தேன்,
தொலைபேசி எண்ணை
இடதுகையால் கிறுக்கித் தந்தார்.
மூன்றா எட்டா என்று இரண்டு முறை கேட்டேன்.

விடியலில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
பேருந்து நிறுத்தத்தில் நின்று
பழகாத கையால் லைட்டரைத் தட்டுகிறார்.
ஒன்று. இரண்டு. மூன்று.
சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.
கடல்காற்று ஜெயித்ததா, அவரா,
எனக்குத் தெரியாது.

நாலாம் வாரம் அழைத்தேன்.
மூன்றுதான், எட்டு இல்லை.
கட்டைப் பிரித்துவிட்டார்களாம்.
கை எப்படி என்று கேட்கவில்லை,
மற்றதையும் கேட்கவில்லை.
பின்னால் ஏதோ இரும்பு உரசும் சத்தம்.

"ஆடுகிறது" என்றார்.
"பார்த்துக்கொண்டிருக்கிறேன்."