அடி பறித்தல்

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில்
ஒரு வினைச்சொல் கிடந்தது: அண்டர்மைன்.
பொறியாளர் இங்கிலீஷில் எழுதியதைத் தமிழாக்க
பாளையங்கோட்டை கோர்ட்டு மாடியில்
எனக்கு நாலு மணி வரை நேரம்.

அகராதி சொன்னது: வலுவிழக்கச் செய்.
கனிவான சொல்.
காய்ச்சலில் எழுந்தவனுக்கும் பொருந்தும்,
புயலுக்கும், கூட்டணிக்கும்.

பழைய பொருள் கீழே பொடி எழுத்தில்:
கோட்டைச் சுவரின் அடியில் தோண்டி
மேலே காவல் நிற்பவனுக்குத் தெரியாமல்
மண்ணை வெளியே கடத்துவது.

நம்மிடம் இருக்கிறதே, குழிபறி.
போன வருஷம் என் பதவி உயர்வுக்கு ஒருத்தர் பறித்தார்.
இப்போதும் அவர்தான் எனக்கு டீ வாங்கித் தருகிறார்.

பென்சிலில் எழுதிக் காட்டினேன்.
"கோர்ட்டு பாஷையா இது?" என்றார் சிரஸ்தார்.

முந்தின வாரம் கூண்டில் ஏறிய மூக்காண்டி
உறைகிணற்றின் பம்ப் ஆபரேட்டர்.
"ஆத்துல இருவதடி மணலு கெடந்துதுய்யா.
ராவோட ராவா அள்ளிட்டானுவ.
ஈறு கரைஞ்ச பல்லு மாதிரி
உறை அந்தரத்துல நிக்கி.
அடியப் பறிச்சுட்டானுவய்யா."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.
"தண்ணி அடிப்பீரோ?"
"அடிப்பேன்யா. காலைல அஞ்சு மணிக்கும்
சாயங்காலம் ஆறு மணிக்கும்."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும்.
சிரிப்பு ஓயுமுன்
அவர் சொன்னதன் அடியில் ஒரு சட்டி மணல் குறைந்திருந்தது.
அப்புறம் சம்பளப் பாக்கி.
தம்பியோடு வரப்புத் தகராறு.
இடது கண்ணில் புரை.
ஆள் அப்படியேதான் நின்றார்
கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி.

அந்த வேலைக்கும் இங்கிலீஷில்
அதே வினைதான்.

மூன்றரைக்கு நான் தட்டச்சு செய்தேன்:
"உறைகிணற்றின் அடித்தளம் வலுவிழந்துள்ளது."
யாரும் எதையும் செய்யாத வாக்கியம்.
குழிபறி என்று எழுதினால் அது எழுவாய் கேட்கும்.
யார் என்று கேட்கும்,
எந்த ராத்திரி, எத்தனை லோடு,
லாரி நம்பர் என்ன என்று
விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.
வலுவிழந்துள்ளது
வாயைத் திறக்காது.

முத்திரை விழுந்தது.
என் பெயருக்கு நேரே "சரிபார்க்கப்பட்டது" என்றிருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் ஆறு மணிக்குக் குழாய் இருமியது.
முதலில் வெறும் காற்று.
பிறகு கலங்கலாக ஒரு குடம்,
அடியில் விரல்நுனி அளவு மணல்.

மூக்காண்டி தண்ணி அடிக்கிறார்.