ஒரே கம்பம்

நாற்பத்தொன்றாம் இணைப்பும் நாற்பத்திரண்டும்
இறங்குவது ஒரே கம்பத்திலிருந்துதான்.
கம்பி மதிலைத் தாண்டிவிடுகிறது.
எனக்கு, ஸ்கூட்டியின் கணக்குப்படி,
ஒரு கிலோமீட்டரும் அறுநூறு மீட்டரும்.

இதற்குமுன் ஐந்து வருடம் கோட்டாறில்
ரீடிங் எடுத்தவள் நான்.
தெருவை அடைத்துச் சாவுப் பந்தல் போட்டிருந்தால்
முடுக்குக்குள் நுழைந்து, அதற்குள் இன்னொரு முடுக்கு,
கம்போளத்தில் உள்ளிவாடையோடு வெளியே வரலாம்.
வழி தவறுவதும் அங்கே
ஒரு வழி.

பார்வதிபுரத்துக்கு மேற்கே மாற்றினார்கள்.
கிரேஸ் கார்டன். அதன் முதுகோடு முதுகாக
வேலன் நகர்.
இருபதடி ரோடு, இருபக்கமும் பன்னிரண்டு பிளாட்,
கடைசியில் மதில்.
மதிலுக்கு அந்தப் பக்கமும் ஒரு ரோடு ஓடிவந்து
அதே மதிலில் முட்டி நிற்கிறது.
ஏலாவை ஆளுக்கொரு துண்டாக விற்றார்கள்,
ஆளுக்கொரு வருடத்தில்.
எந்தத் தெருவும் பக்கத்துத் தெருவின்
முகம் பார்த்துப் பிறக்கவில்லை.

வரப்பு எல்லாருக்கும் வழிவிட்டது என்று
நான் சொல்ல மாட்டேன்.
சைக்கிளை விட்டு இறங்கி
என் அப்பா உருட்டிக்கொண்டு போன இடங்கள்
எனக்குத் தெரியும்.

ஆனி மழையில் ஒருநாள்
நாற்பத்தொன்றில் ரெயின்கோட்டோடு நிற்கிறேன்.
மதிலின் அடியில் ஒரு ஹாலோபிளாக் இல்லை.
அந்த ஓட்டை வழியாக ஒரு கை, கையில் போன்,
போனில் நாற்பத்திரண்டின் மீட்டர்.
"எக்கா, இதுல பாத்துக்கிடுங்க,
சுத்திப் போகாண்டாம்."
கல் எங்கே என்றேன்.
"பூனைக்குப் போக்குவரத்துக்கு" என்றாள்
இந்தப் பக்கத்துக் குளோரிபாய்.
பூனை எதுவும் கண்ணில் படவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங்.
ஆவணியில் அந்த ஓட்டைக்குள்
மீன்குழம்புச் சட்டி நுழைந்தது.
ஐப்பசியில் ஸ்கூல் பேக்,
பின்னாலேயே அதன் சொந்தக்காரன்,
தாணம்மையின் இளையவன்,
முழங்காலெல்லாம் செம்மண்.
பஸ் நிறுத்தம் இந்தப் பக்கம் அல்லவா.

மார்கழியில் சிமெண்ட் பூசியிருந்தது,
இன்னும் ஈரம்.
பிளாட்காரர் சங்கத்தின் நோட்டீஸ்: பாதுகாப்பு கருதி.
அன்று சுற்றித்தான் போனேன்.
ஆஸ்பத்திரியின் புதுக் காம்பவுண்ட், பெட்ரோல் பங்க்,
சானல்கரை, இரண்டு வேகத்தடை.
நாற்பத்திரண்டு எடுத்து முடிக்கையில்
எனக்கே மூச்சிரைத்தது, வண்டியில் உட்கார்ந்திருந்தும்.

மாசியில் வந்தேன். பூச்சு இருந்த இடத்தில்
ஆள் குனிந்து போகுமளவு திறப்பு.
உடைத்தது யார் என்று
ரெண்டு பக்கமும் ஒரே பதில்:
"மழையில விழுந்துது."
மாசியில் மழை பெய்யவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்தேன்.

ஆபீசில் சூப்பர்வைசர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
"நாற்பத்தொன்று பத்து நாற்பத்திரண்டுக்கு,
நாற்பத்திரண்டு பத்து நாற்பத்துமூன்றுக்கு.
மேப்பில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் காட்டுதே.
பறந்தா போனீங்க, ஜாஸ்மின்?"

ஒரே கம்பம் சார், என்றேன்.