இடப்பக்கம்

மல்லியப்பு சந்தியில் மழை சாய்ந்து பெய்தது.
இர்ஃபாத் என் பின்சக்கரத்தைக் கழற்றி
பழைய டயரை மடியில் போட்டுத் தடவினான்,
சட்டைத் துணி பார்ப்பவன்போல.

"நடு தேஞ்சி பலகையாப் போயிரிக்கி.
வலப்பக்கம் ஓரம் மட்டும் போயிரிக்கீங்க.
இடப்பக்கம் பாருங்க,
கம்பெனியில வந்த முடிகூட கொட்டல்ல."

இரண்டு விரல் அகலம்.
ரோட்டையே பார்க்காத ரப்பர்.

"இடது பென்ட்னா பயமா?" என்றான்.
நான் மழையைப் பார்த்தேன்.

சுவரில் தொங்கியவற்றில்
ஒன்று மெழுகுபோல் மினுங்கியது.
பள்ளங்கள் அதில் பேருக்குத்தான்.
உச்சி வெயில், காய்ந்த தார்,
ஒரே வட்டத்தைச் சுற்றும் ஓடுபாதை,
அதற்கென்று பிறந்தது.
சூடேறினால் பலாப்பிசின் மாதிரி ஒட்டுமாம்.
அது சூடேறுவதற்குள்
எனக்கு நானுஓயா வந்துவிடும்.
கனவில் நான் ஓட்டும்போதெல்லாம் இந்த டயர்தான்.
கை வைத்துப் பார்த்தேன்.
எடுத்துக்கொண்டேன்.

மலிவாய் ஒன்றும் இருந்தது.
பக்கவாட்டில் நாலு இலக்கம்: 1119.
பத்தொன்பதாம் வருசம், பதினோராம் கிழமை.
"பாணா இருந்தா பூஞ்சணம் புடிச்சிரிக்கும்" என்று
அவனே அதை மூலைக்கு உருட்டினான்.

பிறகு,
"நூத்தியறுபது போடவா?
பின்னால நின்டு பார்த்தா சோக்கா இரிக்கும்."
என் பின்னால் நிற்பவர் யாருமில்லை.
இருப்பது ஒரு நீலப் பெட்டி மட்டும்.
இத்தாலிக்குப் போன கண்டிப் பையனிடம் வாங்கிய
சிவப்பு ரேஸ் பைக்கில்
தோட்டத்து மருந்தகங்களின் இரத்தக் குப்பிகளை
நுவரெலியா லேபுக்குக் கொண்டுபோகிறவன் நான்.
சிரிக்கலாம். போலீஸ்காரர்களும் சிரிப்பார்கள்.

ரதல்ல குறுக்குப்பாதை, போன ஐப்பசி.
மரக்கறி லொறி உதிர்த்த லீக்ஸ் தாள்கள்,
மேலே பனிமூட்டம், இடது வளைவு.
முன்சக்கரம் என்னிடம் சொல்லாமலே போய்விட்டது.
முழங்கையில் தோல்தான் உரிந்தது எனக்கு.
முப்பத்திரண்டு குப்பிகளில் உடைந்தவை இரண்டு.

உடைந்த ஒன்றுக்குரிய பவளக்கொடி
அடுத்த கிழமை மறுபடி வந்து
மறு கையை நீட்டினார்.
"ஏன் தம்பி,
போன தடவ எடுத்தது பத்தலயா?"
பெட்டியின் மூடியைத்
திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து
இடது வளைவென்றால் பைக் நிமிர்ந்துவிடும்.
நானில்லை, கைகள் அப்படிச் செய்கின்றன.
யாருக்கும் தெரியாதென்றுதான் இருந்தேன்.
டயர் எழுதி வைத்திருக்கிறது.

கடைசியில் அந்த மூன்றாவது.
நடுவில் கடினம், ஓரங்களில் இளக்கம்.
மலையில் கான் வெட்டியதுபோல
சரிவாய் இறங்கும் பள்ளங்கள்,
தண்ணீர் நிற்காது.
பார்க்க ஒன்றுமில்லை அதில்,
மழைக்கோட்டு மாதிரி.
"முன்னுக்கும் பின்னுக்கும் சோடியாத்தான் போடணும்" என்றான்.
இரண்டு மாதத் தவணைக் காசு.
லீசிங்காரன் முகம் ஒருதரம் வந்து போனது.

"போடு."

அம்புக்குறி பார்த்து மாட்டினான்.
விளிம்பில் ஈயத்துண்டு ஒட்டி,
சுற்றிவிட்டு, கழற்றி, வேறிடத்தில் ஒட்டினான்.
குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்தான்.
"நூறு கிலோமீட்டர் மட்டும்
கண்ணாடியில போற மாதிரி போங்க.
மேல மெழுகு இரிக்கி."
கொஞ்சம் நிறுத்தி,
"ரெண்டு பக்கமும் போகணும் அது" என்றான்
பணத்தை எண்ணிக்கொண்டே.

மழை தூறலானது.
கொட்டகலை தாண்டும்வரை
இருபத்தைந்துக்கு மேல் முள் ஏறவில்லை.
ஒரு திரீவீல் என்னை முந்திக்கொண்டு போனது,
உள்ளேயிருந்த பிள்ளைகள் கையசைத்தார்கள்.
பிறகு ஓர் இடது வளைவு.
பிறகு இன்னொன்று.

டெவனில் நிறுத்தினேன்.
வந்தவர்களெல்லாம் அருவியைப் படமெடுத்தார்கள்.
நான் குந்தியிருந்து
பின்சக்கரத்தின் இடது ஓரத்தைப் பார்த்தேன்.
ஒரு நூலகலத்துக்கு மினுக்கம் போயிருந்தது.
முடியெல்லாம் அப்படியே.

லேப் இரண்டு மணி வரைதான்.
பெட்டிக்குள் ஐஸ் சரிந்து விழும் சத்தம்.