குறிப்பு எழுதும் கட்டம்

இரவு பத்துக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று,
இரண்டுக்கும் நாலுக்கும் கண்ணை இழுத்துப் பிடித்துக்கொண்டு
முள் எங்கே நிற்கிறதென்று கொப்பியில் எழுதவேண்டும்.
அதுதான் என் வேலை.
மலைக்குப் போனால் கிலோ பார்த்து அரைப்பேர் போடுவார்கள்.
இங்கே முழுப்பேர்,
காற்றுக்குக் காவல் இருப்பதற்கு.

பிரட்டுக்களத்தில் சிரித்தார்கள்.
பனிக்காலத்தில் லயத்து ஓட்டையெல்லாம்
சும்மா நுழைகிற காற்று;
அதைக் கொம்ப்ரசரில் அடைத்து
பதினோரு குழாய் வழியாக
நிலத்துக்குள்ளே, தண்ணீருக்கும் கீழே
இறக்குகிறார்கள்.

ஸ்டோருக்குப் பின்னால் புதைத்திருந்த டீசல் டாங்கி
எந்த வருடம் ஓட்டையானதென்று எந்தப் பேரேட்டிலும் இல்லை.
பீலித் தண்ணீரில் வேகவைத்த பருப்பு
லொறி வாசம் அடித்தபோதுதான் தெரியும்.
முதலில் உன் சட்டி சரியில்லை என்றார்கள்.
பிறகு உன் மூக்கு.
மூன்று மகஜர், இரண்டு தொரைமார் மாறி,
கடைசியில் செவ்வாய்க்கிழமைகளில் பவுசர் வந்தது.
துளைபோடும் மெசின் வர இன்னும் இரண்டு மழை.

ஹசந்தி மிஸ் தமிழில் சொன்னது இவ்வளவுதான்:
"குமிழி மேலே வரும். வரும்போது எண்ணெயைத் தூக்கும்.
தூக்காததைப் பூச்சி தின்னும்.
பூச்சிக்கு மூச்சு வேணும்."
கண்ணுக்கே தெரியாத பூச்சி.
அதற்கும் மூச்சுமுட்டும் என்று
யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனி மழையில் ஒரு விடியல்
நாலாம் லயத்து சிவனேஸ்வரி ஓடிவந்தாள்:
"எங்க பீட்ரூட் பாத்தி கொதிக்குது!"
போய்ப் பார்த்தோம். கொதிக்கவில்லை.
சேற்றில் குமிழி, சோறு பொங்குகிற மாதிரி,
ஒரே நேர்கோட்டில், கோடிக் காம்பரா வரைக்கும்.
மிஸ் வரைபடத்தை மழையில் விரித்தாள்.
ஸ்டோர் இருந்தது, பங்களா இருந்தது,
பங்களாவின் ரோஜாத்தோட்டம்கூட இருந்தது.
லயம் ஒரு மெல்லிய கோடு.
குமிழி வந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

தோண்டினோம். மூன்றடியில் கல் அடுக்கிய கான்.
யார் அடுக்கினார்களோ,
முழுப்பேரோ அரைப்பேரோ,
ஒரு கல்கூட ஆடவில்லை.
மண் மூடிக் கிடந்த அதைக்
காற்றுதான் கண்டுபிடித்தது.
காற்றுக்கு முன்னால் டீசல் கண்டுபிடித்திருக்கிறது;
பீலிக்கு அது இறங்கிய ரோடு இதுதான்.
மிஸ் பென்சிலால் கோடு போட்டுவிட்டு
"இதுக்கு என்ன பேர் எழுத?" என்றாள்.
பாத்தி போனதற்கு
யார் காசு தருவார்கள் என்று சிவனேஸ்வரி கேட்டாள்.

அதற்குப் பிறகு குழாய் பன்னிரண்டு.

கரண்ட் போகிற இரவுகளில் கொம்ப்ரசர் நிற்கும்.
முள் மெல்ல இறங்கும்.
எனக்கு நெஞ்சு அடைக்கும். மடத்தனம்தான்.
டோர்ச் அடித்து நேரத்தை எழுதுவேன்.
மாதாமாதம் போத்தலில் தண்ணீர் கண்டிக்குப் போகும்;
திரும்பி வருவது ஒரு எண்.
போன மாதத்து எண்ணைவிடச் சிறியது, ஒருமுறை பெரியது.
குடிக்கலாமா என்றால், இன்னும் இல்லை.
நீயே மோந்து பாரேன் என்கிறார்கள்.
என் மூக்கை நான் நம்புவதில்லை.
அதற்கு எல்லாம் பழகிவிட்டது.

தீபாவளிக்குக் கொழும்புக் கடையிலிருந்து மச்சான் லிங்கேஸ் வந்தான்.
போன வருடம் பீலியடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு
பாதிக் குளிப்பில் ஓடியவன்.
இந்தமுறை தலையைக் கொடுத்து நின்றான்,
சவர்க்காரம் கேட்டான்,
குளிருக்கு ஒரு கெட்டவார்த்தை சொன்னான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு பத்து மணிக்கு முள்ளை எழுதினேன்.
பக்கத்தில் "குறிப்பு" என்று ஒரு கட்டம்
எப்போதும் காலியாகவே கிடக்கும்.
அதில் எழுதினேன்:
லிங்கேஸ் குளித்தான்.