இணைப்பு எண் 217

பள்ளத்தூரில் மு.ராம.சித. வீடு.
பின்வாசல் சுவரில் மீட்டர் பெட்டி.
உள்ளே ஆள் இருந்து ஆறு வருஷம்.
இரண்டு மாதத்துக்கு ஒருதரம் வருவேன்,
போனமுறை எழுதியதையே எழுதிப் போவேன்:
நான்கு நான்கு ஒன்று ஏழு.

இன்றைக்கு ஏழின் மேல்
மை தெறித்தாற்போல ஒரு கறுப்பு.
துடைக்க விரலை நீட்டினேன்.
கறுப்பு நகர்ந்து ஒன்றின் மேல் உட்கார்ந்தது.

எனக்கு அடிவயிறு சில்லிட்டது.
ஏனென்றால் போன மாதம் காரைக்குடியில்
டாக்டர் ஜெசிந்தா என் கண்ணுக்குள் விளக்கடித்து
“விழித்திரை மெலிஞ்சிருக்கும்மா,
பாரம் தூக்காதே.
திடீர்னு பூச்சி பறந்தா, மின்னல் வெட்டினா
அன்னிக்கே வந்துரு, மறுநாள்னு வைக்காதே” என்றார்.
அன்றிலிருந்து
கறுப்பாய் எது அசைந்தாலும் எண்ணுகிறேன்.
இந்த ஊர்ச் சுவர்களோ
முட்டையோட்டின் உட்புறம்போல் வழவழத்த வெள்ளை.
கண்ணில் பறக்கும் பூச்சியைக் காட்ட
இதைவிட நல்ல பலகை கிடையாது.

பார்வையை மெல்ல இடப்பக்கம் திருப்பினேன்.
கூடவே வந்தால் என்னுடையது.
வராவிட்டால் உலகத்துடையது.

வரவில்லை.

கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றினேன்.
மைனஸ் எட்டரை. கழற்றினால்
தெரு, தேர்முட்டி, நிற்கும் பஸ் எல்லாமே
தண்ணீர்பட்ட சோப்புக்கட்டி.
ஆனால் மூக்கிலிருந்து ஆறு விரற்கடையில்,
அங்கே மட்டும்,
கழுகுக்கும் கிட்டாத கண் எனக்கு.
கரும்பலகை தெரியாமல் அடிவாங்கியவள்தான்.
அதே வகுப்பில் யாருக்கு முள் தைத்தாலும்
காலை என் முகத்துக்குத்தான் நீட்டுவார்கள்.

பெட்டிக்குள் தலையை விட்டேன்.

கொசுத்தேனீ.
வயர் நுழையும் ஓட்டையைச் சுற்றி
பிசினால் ஒரு குழாய், புனல்மாதிரி விரிந்த வாய்.
வாயைச் சுற்றி ஏழெட்டு முகங்கள்,
சினிமாக் கொட்டகை டிக்கெட் கவுண்ட்டரில்
முண்டியடிக்கும் முகங்கள்.
ஒருத்தி முன்னங்காலால் மீசையை உருவிவிடுகிறாள்.
ஒருத்தி குப்பையைக் கவ்விவந்து
விளிம்பில் நின்று உதறுகிறாள்.
வருகிறவர்களின் பின்னங்காலில் மூட்டை.
வெள்ளை. மஞ்சள். செங்கல்பொடி நிறம்.
ரவையில் பாதிகூட இருக்காது.
கொட்டத் தெரியாத சாதி; ஆனாலும்
என் முன்மயிரில் நாலு பேர் புகுந்து
கடித்துப் பார்த்தார்கள்.
பொறுத்துக்கொண்டேன். அவர்கள் வீடு.

அப்புறம் வந்தாள் அவள்.
காலில் பச்சை.

இலைப்பச்சை இல்லை, பாசிப்பச்சை இல்லை.
எந்தப் பூவுக்கும் இல்லாத, பளபளவென்ற,
வாளியில் வாங்கும் பச்சை.
எங்கிருந்துடி இது?

திரும்பினேன். தெரு சோப்பாகக் கிடந்தது.
கண்ணாடியை இறக்கினேன்:
எதிர்ச்சரகில் நாலாவது வீட்டு இரும்புக் கதவு,
காலையில் அடித்த பெயின்ட்,
ஈரம் காயாமல் வெயிலில் மினுங்கியது.
பக்கத்தைப் பார்த்த கண்ணும்
தூரத்தைப் பார்த்த கண்ணாடியும்
முதல்தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின.

லைன்மேன் வைரவன் சைக்கிளை நிறுத்தினான்.
“என்னக்கா, பெட்டிக்குள்ள தூங்குறீங்களா?
பூச்சியா? துணியில பெட்ரோல் நனைச்சு
ஒரு நிமிஷத்துல முடிச்சிருவேன்.”
“கரன்ட்டை யாரு தின்னா? அதே ரீடிங்தான். போ.”
“ஏ.இ. கேட்டா?”
“கண்ணு தெரியலைன்னு சொல்லிட்டேன்னு சொல்லு.”
அவன் சிரித்துவிட்டுப் போனான்.

கைக்கருவியில் பட்டியல் விரிந்தது:
பூட்டு. எரிந்தது. ஓடவில்லை. உடைந்தது.
வேறு குறியீடு இல்லை.
பூட்டு என்று அழுத்தினேன்.
பெட்டிக் கதவை முழுக்கச் சாத்தாமல்
ஒரு தீக்குச்சி செருகிவைத்தேன்.

அடுத்த வீட்டுச் சுவரும் வெள்ளை.
அதில் ஒரு புள்ளி.
இடப்பக்கம் திருப்பினேன்,
கூடவே வந்தது.
பழையதுதான், எனக்குத் தெரிந்ததுதான்,
அறுவடைக்கு விட்ட கொத்தமல்லி விதைபோல் வால் வைத்தது.
ஒன்று, என்று எண்ணிக்கொண்டு
218-க்கு நடந்தேன்.